நடுவில் மேடு ஏன்?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்சி ஆசிரியராக வந்திருக்கிறேன். பிள்ளைகள் அராவும் இரும்புத் துண்டில் ஓரம் தேய்ந்து நடுவில் மேடு நிற்கிறது. எப்படித் திருத்துவது?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தம்பி, முதலில் துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் உயரத்தைப் பாருங்கள். அதன் தாடை பையனின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். குள்ளமான பையனா, காலடியில் ஒரு பலகை போடுங்கள். மேடு விழுவது அரம் ஊஞ்சலாடுவதால்தான். தள்ளத் தொடங்கும்போது நுனியைப் பிடித்த கை அழுத்த வேண்டும். போகப் போக அது தளர்ந்து, கைப்பிடிப் பக்கம் அழுத்தம் கூட வேண்டும். இதை வாயால் சொன்னால் ஏறாது. அவன் கைமேல் உங்கள் கையை வைத்துப் பத்துத் தடவை தள்ளுங்கள். முன்னே போகும்போதுதான் அரம் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நான் பழகியபோது, மேஸ்திரி என் துண்டின்மேல் மூலைமட்டத்தை (நேர்க்கோணம் பார்க்கும் 'L' வடிவக் கருவி) வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடையில் வெளிச்சக் கீற்று தெரிந்தால், "நீயே பாரு" என்று கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டவே மாட்டார். அதுதான் வலிக்கும்!

அப்புறம், அரத்தில் சாக்பீஸ் தேய்க்கச் சொல்லுங்கள். பல்லில் துகள் அடையாது. துகளை வாயால் ஊதவிடாதீர்கள், கண்ணில் விழும்.