வாசகர் கேள்வி – பதில்: எரியூட்டலுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: தம்மை எரிவாயு தகன மேடையில்தான் எரிக்க வேண்டும் என்று என் தந்தையார் சொல்லிவைத்திருக்கிறார். விறகுச் சிதையையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அங்கே என்ன நடக்கும் என்று தெரியாது. சாம்பல் தனியாகக் கிடைக்குமா என்பது அம்மாவின் கவலை.
– தோவாளை வாசகர்

பதில்: அம்மாவின் கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். ஓர் உலையில் ஒரு நேரத்தில் ஓர் உடல்தான் வைக்கப்படும். அது முழுவதும் எரிந்து, சாம்பலை வாரி எடுத்த பிறகே அடுத்த உடலை ஏற்றுவார்கள். உலையின் இடுக்குகளில் சிறிது துகள் தங்கிவிடக்கூடும் என்றாலும், உங்கள் கைக்கு வருவது உங்கள் தந்தையாருடையதே.

நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் உடைத்தல் ஆகிய சடங்குகள் எல்லாம் வழக்கம்போலவே நடக்கும். கொள்ளி வைப்பது மட்டும் பெரும்பாலும் மார்பின்மேல் கற்பூரம் ஏற்றுவதோடு முடிந்துவிடும். அதன்பின் உடலைத் தாங்கிய தட்டு உள்ளே தள்ளப்பட்டுக் கதவு மூடப்படும். தீச்செங்கல் பதித்த அந்த அறையில் வெப்பம் 800 டிகிரி செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், சிதையில் பல மணி நேரம் எடுக்கும் வேலை ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் சுண்ணாம்புச் சத்து. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ இருக்கும். அன்றே வாங்கிக்கொள்ளலாமா, மறுநாள் சஞ்சயனத்துக்கு வந்து எடுக்கலாமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தந்தையாருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், அதை அகற்றிய பிறகே உடலை உலையில் ஏற்ற வேண்டும். அதிலுள்ள லித்தியம் பேட்டரி வெப்பத்தில் வெடித்து உலையைச் சேதப்படுத்துவதோடு, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்தை உண்டாக்கும். துக்கத்தில் யாருக்கும் நினைவு வராத செய்தி இது என்பதால், வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருங்கள்.

வீட்டில் இறந்தால், சிகிச்சை அளித்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று பெற வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இதற்கு அவர் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தச் சான்றையும் இறந்தவரின் ஆதார் நகலையும் தகன மேடையில் கேட்பார்கள். அங்கே தரும் ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிந்துவிடுங்கள். ஊராட்சிப் பகுதியானால் கிராம நிர்வாக அலுவலரிடம் செல்ல வேண்டும். இறப்பில் ஐயம் இருந்தாலோ, விபத்தாக இருந்தாலோ காவல்துறைக்குத் தெரிவித்து, உடற்கூறாய்வு முடிந்த பிறகே எரிக்க முடியும்.

கேள்வி: சிதையில் பிணம் எழுந்து உட்காரும் என்கிறார்களே, உண்மையா?
– குலசேகரம் வாசகி

பதில்: உட்காராது, ஆனால் அசையும். வெப்பத்தில் தசைகள் சுருங்குகின்றன. மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை என்பதால் கை, கால்கள் மடங்கி, சில வேளை உடல் சற்றே தூக்கினாற்போலத் தோன்றும். சிதையில் அடுக்கிய கட்டை சரிந்தாலும் அப்படித்தான் தெரியும். மயானத் தொழிலாளி கழியால் அழுத்திவிடுவது இதனால்தானே தவிர, உயிர் மிச்சம் இருந்ததால் அல்ல. எரியும்போது கேட்கும் வெடிச்சத்தத்துக்கும் பொருள் தேட வேண்டாம்; ஈரக் கட்டையும் வெடிக்கும், எலும்பும் வெடிக்கும்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைந்துவருகிறது. எரித்தால் திருச்சபை ஏற்குமா? சாம்பலைக் கன்னியாகுமரிக் கடலில் கரைக்கலாமா?
– முளகுமூடு வாசகர்

பதில்: எரிப்பதற்குத் திருச்சபை 1963-லேயே இசைவு தந்துவிட்டது. அடக்கம் செய்வதே சிறந்தது என்பது அதன் விருப்பமாகத் தொடர்கிறதே ஒழிய, எரித்தவருக்கு இறுதிச் சடங்கு மறுக்கப்படுவதில்லை. சாம்பலைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டின் வத்திக்கான் அறிவுரை கண்டிப்பானது. கடலிலோ நிலத்திலோ தூவக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்வதையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. கல்லறை போன்ற புனிதமான இடத்தில் வைக்க வேண்டும். ஆகவே, முக்கடலில் கரைப்பது உங்களுக்குப் பொருந்தாது. குடும்பக் கல்லறை ஒன்றிலேயே பலருடைய சாம்பலை வைக்க முடியும் என்பதால் இடப் பிரச்சினைக்கு இதில் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

கேள்வி: வளைகுடாவில் இறந்த தம்பியின் உடல் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வருகிறது. மருந்திட்ட உடலை எரிக்கலாமா?
– கருங்கல் வாசகர்

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். தாராளமாக எரிக்கலாம். அந்நாட்டு இறப்புச் சான்று, உடல் பதனச் சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தகன மேடைக்குக் கொண்டுசெல்லுங்கள். இறப்பு அங்கே நிகழ்ந்ததால், இங்குள்ள அலுவலகத்தில் அதைப் பதிய முடியாது. மூலச் சான்றைக் கைவிடாதீர்கள். உடல் வரும் பெட்டியில் உலோகத் தகடு இருந்தால் அதோடு உலைக்குள் வைக்க இயலாது. பெட்டியைத் திறந்து உடலை மாற்றத் தெரிந்த ஆட்களுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.