பாட்டி போன அன்று எழுதிய டெஸ்ட்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறான். காலையில் தாடை வலி, இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தும் பலனில்லை. 2021 ஜூன் 5-ஆம் தேதி பரீட்சையே ரத்தாகிவிட்டது, இன்னும் கடிக்கிறான். ரொம்பப் பொறுப்பான பையன், மே மாதம் என் மாமியார் கொரோனாவில் தவறிய அன்றுகூட ஆன்லைன் டெஸ்டை விடவில்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: பூச்சி மாத்திரையை நிறுத்துங்கள் அம்மா. பெருமையாக எழுதியிருக்கிறீர்களே கடைசியில் ஒரு வரி, அதற்கு வருகிறேன். பாட்டி செத்த வீட்டில் பதினேழு வயதுப் பையனை டெஸ்ட் எழுத உட்கார வைத்தது யார்? அவனாகவே உட்கார்ந்தான் என்றால் எழுப்பிக் கூட்டிவர ஒருவருக்கும் தோன்றவில்லையா? முகம் பார்க்க முடியாமல் போனது, உறவுக்காரர்கள் வர முடியாமல் போனது எதுவும் உங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் வீட்டுக்குள் அழுவதை யாரும் தடுக்கவில்லையே. படிப்பு முக்கியம்தான், ஆனால் செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் படிப்பு, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பகலில் வாய்விட்டு அழாததை அவன் ராத்திரியில் பல்லில் வைத்து அரைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை போயும் கடிப்பது நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதற்காகப் பல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள், எனாமல் தேய்ந்தால் மறுபடி வளராது. பல் டாக்டரிடம் காட்டினால் அளவெடுத்து, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு செய்து தருவார்கள், அது தேய்மானத்தைத் தடுக்குமே தவிர மனசிலிருப்பதை எடுக்காது. சென்னை கோட்டை ரயில்வே ஸ்டேஷன் எதிரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாயைத் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அதுவரை சாயங்கால காபி வேண்டாம், படுக்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தாடையில் ஒத்தடம் கொடுங்கள். ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போதும் அவன் தாடையைக் கவனியுங்கள், பல பேர் பகலிலேயே இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். உதடு மூடியிருக்கலாம், உள்ளே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது.

அப்புறம், பாட்டி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று அவனுக்கு யாராவது சொன்னீர்களா? உங்கள் கணவர் சொல்லட்டும், போனது அவருடைய அம்மா. சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தால் எழுந்து போக விடாதீர்கள், பையன் பார்க்கட்டும்.