கராஜ் கேள்வி – பதில்: முதலில் பல்லை எண்ணுங்கள்

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். என்னுடையது 1970 ஷெவர்லே ஷெவல், 350 (கன அங்குல) எஞ்சின். போரிங் போட்டு, பிஸ்டன், ரிங், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எல்லாம் மாற்றி, ஹெட்டரும் (புகை வெளியேறும் குழாய்கள்) வாங்கியாயிற்று. கம்ப்ரஷன் 10:1 பக்கம் வரும். அடுத்த வாரம் எஞ்சினை வண்டியில் இறக்கப் போகிறோம். பழைய ஸ்டார்ட்டரையே (செல்ஃப் மோட்டார்) சரிசெய்து போட்டால் போதும் என்கிறார் எஞ்சின் கட்டியவர். நண்பர்கள் மினி ஸ்டார்ட்டர்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு கிலோவாட், வேறு வேறு குதிரைத்திறன். எதை எடுப்பது?

பதில்: கிலோவாட் எல்லாம் அப்புறம். எஞ்சின் இன்னும் வெளியேதான் இருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று. ஃப்ளெக்ஸ் பிளேட்டின் (எஞ்சினின் பின்பக்கம் இருக்கிற, ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் பல் வைத்த தட்டு) ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டே மொத்தப் பற்களையும் எண்ணுங்கள். 153 வரும், இல்லாவிட்டால் 168 வரும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வந்தால் எண்ணியது தப்பு, மறுபடி ஆரம்பியுங்கள்!

153 பல் என்றால் விட்டம் 12¾ அங்குலம், ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டும் ஒரே நேர்கோட்டில் வரும். 168 பல் என்றால் 14 அங்குலம், ஒரு போல்ட் முன்னே, ஒன்று பின்னே என்று கோணலாக வரும். பல எஞ்சின் பிளாக்குகளில் இரண்டுக்கும் துளை போட்டிருப்பார்கள், அதனால் துளையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பழைய மோட்டாரின் மூக்கு இதில் ஏதோ ஒன்றுக்கு மட்டும்தான் பொருந்தும். மினி ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் இரண்டு வகைத் துளையும் இருக்கும்.

என் ஓட்டு கியர் ரிடக்‌ஷன் மினி ஸ்டார்ட்டருக்குத்தான், காரணம் உங்கள் ஹெட்டர். பழைய டெல்கோ மோட்டாரில் ஆர்மேச்சரே (உள்ளே சுழலும் பகுதி) நேரடியாகப் பினியனை (பிளேட்டின் பல்லோடு சேர்கிற சின்னப் பல்சக்கரம்) சுற்றும், சொலினாய்ட் (பினியனை வெளியே தள்ளும் மின்காந்தம்) மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும், ஹெட்டர் குழாய் அதை உரசாத குறையாகப் போகும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பெட்ரோல் போட நிறுத்துவீர்கள், திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செப்புக் கம்பி சூடேறினால் மின்தடை கூடும், சொலினாய்டுக்கு இழுக்கிற பலம் இருக்காது. மினி ஸ்டார்ட்டரில் ஒரு சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றி, நடுவில் இருக்கிற கியர் வழியாகத் தன் வேகத்தை முறுக்குவிசையாக மாற்றிக் கொடுக்கிறது. கரன்ட் குறைவாகத்தான் கேட்கும், எடையும் ஏறக்குறைய பாதிதான், பல மாடல்களில் உடம்பைக் குழாய்க்கு எட்டாத பக்கமாகத் திருப்பியும் மாட்டிக்கொள்ளலாம். 10:1 கம்ப்ரஷனுக்கு 1.4 கிலோவாட் தாராளம். அதற்கு மேல் கொடுக்கிற காசைத் தடிமனான பேட்டரி கேபிளில் போடுங்கள்.

வாங்கும் முன் இன்னொன்றும் பாருங்கள். பாயிண்ட் இக்னிஷன் (காண்டாக்ட் பாயிண்ட் வைத்த பழைய பாணித் தீப்பொறி அமைப்பு) இன்னும் இருக்கிறதா? இருந்தால் பழைய சொலினாய்டில் 'ஆர்' என்று ஒரு சின்ன முனை இருக்கும். செல்ஃப் எடுக்கும் நேரத்தில் மட்டும் இக்னிஷன் காயிலுக்கு முழு பேட்டரி வோல்டேஜ் கொடுப்பது அதன் வேலை. நிறைய மினி ஸ்டார்ட்டர்களில் இந்த முனையே கிடையாது. எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது, சாவியை விடுகிற நொடியில் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுவிடும். அந்த முனை உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு ரிலே போட்டுக்கொள்ளுங்கள். எச்.இ.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறி, 12 வோல்ட் நேராகக் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கையில் கிடைத்த 3/8 போல்ட்டை முறுக்காமல், தண்டில் வரிவரியாகச் சொரசொரப்பு உள்ள ஸ்டார்ட்டர் போல்ட்டாகவே போடுங்கள், மோட்டாரை நகராமல் இடத்தில் நிறுத்துவது அந்தச் சொரசொரப்புதான். இவ்வளவுக்குப் பிறகும் பழையதுதான் போடுவேன் என்றால் அதன் வால் பக்கம் பிளாக்கோடு சேர்க்கிற சின்ன பிராக்கெட்டை மறக்காதீர்கள். அது இல்லாமல் அந்தக் கனமான மோட்டார் தொங்கித் தொங்கி பிளாக்கின் காதையே உடைத்த வண்டிகள் உண்டு.

அப்புறம் பெயின்ட். நானும் ஒருமுறை புது எஞ்சினுக்கு ஆசை ஆசையாக ஆரஞ்சு அடித்து, புது ஸ்டார்ட்டரும் மாட்டி, ஒரு ஞாயிறு முழுக்கச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மி நகர்கிற மாதிரி சுற்றியது. மோட்டாரைத் திட்டினேன், கடைக்காரரையும் திட்டினேன். கடைசியில் பார்த்தால் ஸ்டார்ட்டர் உட்கார்கிற இடத்திலும் எர்த் கேபிள் போல்ட்டுக்கு அடியிலும் பளபளவென்று பெயின்ட். எமரித் தாள் வைத்து இரண்டு இடத்தையும் வெள்ளையாகத் தேய்த்ததும் விர்ரென்று சுற்றியது. செல்ஃப் எடுக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

நீங்கள் போட்ட கேம் ஃப்ளாட் டாப்பெட்டா (டாப்பெட் கேம் மேல் தட்டையாக உரசுவது), ரோலரா (உருளை வைத்தது) என்று எழுதவில்லை. ஃப்ளாட் டாப்பெட் என்றால் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினை வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கக்கூடாது, கேமில் தடவிய அசெம்பிளி கிரீஸ் வழித்துக்கொண்டு போய்விடும். டிரில் மாட்டி ஆயில் பம்ப்பைச் சுற்றிப் பிரஷர் ஏற்றிக்கொண்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலையும் கையால் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேலே ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்ட வேண்டும். புது ரிங் இறுக்கத்தோடு அந்த எஞ்சினைச் சட்டென்று சுற்றிவிட நல்ல ஸ்டார்ட்டர் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டால் செல்ஃப் சத்தம் போகும் என்று சொல்லி இரண்டு ஷிம் போட்டார்கள். சத்தம் முன்பைவிட அதிகம். எனக்கும் 350தான்.

பதில்: எப்போது சத்தம் வருகிறது என்று யாரும் கேட்கவில்லையா? எஞ்சின் பிடிப்பதற்கு முன்னாலேயே, சுற்றும்போது கீச்சென்று கத்தினால் பினியனுக்கும் ரிங் கியருக்கும் (பிளேட்டின் பல் வளையம்) இடைவெளி அதிகம், ஷிம்மைக் கழற்ற வேண்டும். பிடித்த பிறகு, சாவியை விடுகிற நேரத்தில் கத்தினால் இடைவெளி குறைவு, ஷிம் சேர்க்க வேண்டும். நீங்கள் முதல் ரகம் போலிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பினியனை வெளியே இழுத்து, அதன் பல் நுனிக்கும் ரிங் கியர் பள்ளத்துக்கும் நடுவில் கம்பி கேஜ் விட்டுப் பாருங்கள், 0.020லிருந்து 0.035 அங்குலம்வரை இருந்தால் சரி.

கேள்வி: சூடானால் மட்டும் செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றுகிறது, சில சமயம் பின்னால் உதைக்கிறது. மினி ஸ்டார்ட்டருக்கு மாறிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். சூடாக இருக்கும்போது இக்னிஷனைத் துண்டித்துவிட்டுச் செல்ஃப் கொடுங்கள். சரளமாகச் சுற்றினால் மோட்டார் மேல் பழியில்லை, தீப்பொறியின் ஆரம்ப டைமிங்கை அதிகமாக முன்னால் வைத்திருக்கிறீர்கள். பெரிய கேம் போட்டவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. அதே டைமிங்கோடு மினி ஸ்டார்ட்டரை மாட்டினால் அதன் அலுமினிய மூக்கு ஒருநாள் கையோடு வரும்.

கேள்வி: 1969 டாட்ஜ் சார்ஜர், 440 எஞ்சின். ஒரிஜினல் ஸ்டார்ட்டரை மாற்றலாமா?

பதில்: ஓடுகிறதென்றால் தொடாதீர்கள். டாட்ஜைத் தயாரித்த கிரைஸ்லர் 1962லேயே கியர் ரிடக்‌ஷனுக்கு வந்துவிட்டது, இன்று மினி ஸ்டார்ட்டர் என்று விற்பதில் இருக்கிற சூட்சுமம் உங்கள் வண்டியில் அப்போதே இருக்கிறது. அந்தக் கீச்சுக்குரலுக்கு 'ஹைலண்ட் பார்க் ஹம்மிங்பேர்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஹெட்டர் இடிக்கிறது, இடமே இல்லை என்றால் மட்டும் 1990களின் டாட்ஜ் டிரக்குகளில் வந்த சின்ன டென்சோ மோட்டாரைத் தேடுங்கள், அதே துளைகளில் உட்காரும். பழையதைக் கழற்றினால் விற்றுவிடாதீர்கள்.