வட்டத்துக்குள் முகம் அடங்க

கேள்வி: குடும்பப் படத்தை வாட்ஸ்அப் டிபியாக வைத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பாதி வெட்டுப்படுகிறது. இன்ஸ்டாகிராமில் போட்டால் தலையும் போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: டிபிக்கு நீங்கள் வெட்டுவது சதுரம், மற்றவர்கள் பார்ப்பதோ வட்டம். நான்கு மூலைகளும் மறைந்து, பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். மூலைப்பக்கம் நிற்கும் சித்தப்பா மாட்டுவது அங்கேதான்.

கேலரியில் படத்தைத் திறந்து, எடிட், கிராப், 1:1 என்று போங்கள். கண்கள் நடுவுக்குச் சற்று மேலே வரட்டும். தலைக்கு மேல் நன்றாக இடம் விடுங்கள். பத்துப் பேர் வரிசையாக நிற்கும் படம் சதுரத்தில் அடங்காது. மேலும் கீழும் வெற்று நிறம் சேர்த்துச் சதுரமாக்கலாம்தான், ஆனால் முகங்கள் கடுகாகிவிடும். இரண்டு மூன்று பேர் நெருங்கி நிற்கும் படமே டிபிக்கு நல்லது.

இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 4:5, அதாவது 1080×1350 பிக்சல் போதும். போன் கேமரா வழக்கமாக எடுப்பது 3:4. அதே அகலத்தில் உயரம் 1440. குறைய வேண்டிய 90 பிக்சலைக் கால் பக்கத்தில் எடுங்கள், தலைப் பக்கம் கை வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. வெட்டிப் பெரிதாக்கினால் மங்கும். எடுத்தவரிடமே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.