வாசகர் கேள்வி–பதில்: கோதாவில் யார் பெரியவர்?

சென்ற இதழில் ஒரு வாசகர், “தொழில்முறை மல்யுத்த வீரர்களில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார்?” என்று கேட்டிருந்தார். “ரிக் ஃபிளேர்” என்று இரண்டே சொற்களில் பதில் எழுதினேன். அந்தச் சிக்கனத்துக்கு அபராதம்போல, அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை என்னைக் கோதாவுக்கு இழுப்பவையாகவே இருந்தன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: யார் வெல்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஆட்டத்தில் ‘பெரியவர்’ என்று ஒருவரை எப்படிச் சொல்ல முடியும்? எல்லாமே நாடகம்தானே? (மன்னார்குடி வாசகர்)

நாடகம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நாடகமாக இருப்பதால்தான் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலே கிடைக்கிறது. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் ஆண்டுதோறும் படுகளத்தில் தொடை பிளந்து மாள்கிறார். அதனால் பீமன் வேடக்காரர்தான் கெட்டிக்காரர் என்று எந்த ஊரும் தீர்ப்புச் சொல்வதில்லை. யாருடைய ஆட்டத்துக்காக மக்கள் விடியும்வரை கண் விழித்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அங்கே கணக்கு.

ஆயினும் பேச்சு எப்போதும் காப்பாற்றப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1925 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில், அப்போதைய உலகச் சாம்பியன் வேய்ன் மன், போலந்துக்காரரான ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஸ்கோவை வெல்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். மன், அமெரிக்கக் கால்பந்திலிருந்து அழைத்து வரப்பட்ட ராட்சத உருவம். மல்யுத்தம் அவருக்குப் பேருக்குத்தான் தெரியும். ஸ்பிஸ்கோவுக்கு வயது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தாலும் அசல் பிடிகள் கைவசம் இருந்தன. அவர் எதிர் ஏற்பாட்டாளர்களின் முகாமுடன் ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, மணி அடித்ததும் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, மன்னின் தோள்கள் இரண்டும் தரையில் படும்படி மறுபடி மறுபடி அழுத்தினார். நடுவருக்கு ஸ்பிஸ்கோவின் கையை உயர்த்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சூடு பட்ட பிறகு, பட்டத்தை யாரிடம் கொடுத்தாலும் அவருக்கு உண்மையான மல்யுத்தமும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் எச்சரிக்கையானார்கள். 1937இல் 21 வயதில் முதன்முதலாக உலகப் பட்டம் பெற்று, 1990இல் 74 வயதில் கடைசியாகக் கோதாவில் இறங்கிய லூ தெஸ் அப்படிப்பட்டவர். நாடகத்துக்குள் எவராவது நிஜமாகவே மோதத் துணிந்தால் அவரை அடக்கும் வல்லமை தெஸ்ஸிடம் இருந்தது.

கேள்வி: ஃபிளேர் பாதி ஆட்டங்களில் கெஞ்சுகிறார், மீதியில் ஏமாற்றுகிறார். அவரை எந்தக் கணக்கில் முதலிடத்தில் வைத்தீர்கள்? 16 பட்டங்கள் என்ற கணக்கிலா? (தஞ்சாவூர் வாசகர்)

பட்டங்களை எண்ணி அல்ல; அந்த 16 என்பதே யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும் எண். இந்தத் தொழிலில் பட்டம் என்பது, ஓர் ஏற்பாட்டாளர் ஒருவர்மீது வைத்த நம்பிக்கையின் அடையாளமே தவிர வேறில்லை.

தாங்கள் குறையாகச் சொன்ன கெஞ்சலும் ஏமாற்றும்தான் என் காரணங்கள். அமெரிக்காவின் மல்யுத்தம் ஒரு காலத்தில் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஏற்பாட்டாளர், ஓர் உள்ளூர் நாயகன். 1948இல் அந்த ஏற்பாட்டாளர்கள் சேர்ந்து அமைத்த தேசிய மல்யுத்தக் கூட்டணியின் உலகச் சாம்பியன், ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் நாயகனோடு மோத வேண்டும். அதில் உள்ள சிக்கல் நுட்பமானது. உள்ளூர்க்காரர் தோற்றுப் போனாலும், “இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் நம் ஆள் வென்றிருப்பான்” என்று முணுமுணுத்துக்கொண்டே ஊர் கலைய வேண்டும். அப்போதுதான் மறுவாரமும் சீட்டு விற்கும். 1981இல் முதன்முதலாக அந்தப் பட்டத்தைப் பெற்ற ஃபிளேர், சில ஊர்களில் முழுதாக ஒரு மணி நேரம் ஆடி, நேற்று வந்த பயில்வானையும் உலகச் சாம்பியனுக்குச் சமமானவராகக் காட்டிவிட்டு, கடைசியில் ஏதேனும் ஒரு தில்லுமுல்லு செய்து பட்டத்தோடு தப்பிப் போவார்.

அவர் விழுகிற விதம் ஒன்று உண்டு. அடி விழுந்தவுடன் விழமாட்டார். ஒன்றும் ஆகாதவர்போல நிமிர்ந்து இரண்டு மூன்று அடி நடப்பார். பொன்னிறத் தலைமுடி கண்ணை மறைக்கும். பிறகு கையைக்கூட ஊன்றாமல், வெட்டிய வாழை மரம்போல முகம் பதியக் கவிழ்வார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்; ஒட்டிய மண்ணை ஊரே பார்க்க வேண்டும் என்பதற்காக விழுந்தவர் இவர். பட்ட அடியைப் பார்ப்பவர் நம்பும்படி காட்டுவதை அவர்களுடைய தொழில் மொழியில் ‘செல்லிங்’ என்பார்கள். அடியை விற்பது என்று பொருள். ஃபிளேரைப் போல விற்றவர் இல்லை. இத்தனைக்கும் 1975இல் ஒரு விமான விபத்தில் அவருடைய முதுகெலும்பு முறிந்திருந்தது. இனி ஆட முடியாது என்று சொல்லப்பட்ட நிலையிலிருந்து சில மாதங்களில் திரும்பி வந்தவர்.

அவரிடமும் குறை உண்டு. எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே ஆட்டத்தை ஆடினார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நிறுத்தத் தெரியாதது அதைவிடப் பெரிய குறை. 2008இல் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்று, அரங்கமே எழுந்து நின்று கண்ணீரோடு விடைகொடுத்த பிறகும், 2022 வரை, 73 வயதிலும் கோதா ஏறினார். அந்தக் கடைசி ஆட்டத்தை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் 1989இல் ரிக்கி ஸ்டீம்போட்டுடன் அவர் ஆடிய மூன்று ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அதை மன்னித்துவிடுவார்கள்.

கேள்வி: ஹல்க் ஹோகன் இல்லாவிட்டால் இந்த விளையாட்டை உலகம் கண்டுகொண்டிருக்குமா? 93,000 பேர் முன்னிலையில் ஆந்த்ரேயைத் தூக்கி எறிந்தாரே! (மதுரை வாசகர்)

1987 மார்ச் 29 அன்று பான்டியாக் அரங்கில் 93,173 பேர் கூடினர் என்பது ஏற்பாட்டாளர்கள் அறிவித்த எண். 78,000 என்போரும் உண்டு. எந்த எண்ணைக் கொண்டாலும் அது மாபெரும் கூட்டம்தான். 2025இல் மறைந்த ஹோகனின் புகழில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்தத் தூக்கலைக் கூர்ந்து பாருங்கள். 500 பவுண்டுக்கு மேல் எடை என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஆந்த்ரே, முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, உடைக்குள் கச்சை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தனை பெரிய உடல், தூக்குபவருக்கு இணங்கிக் கொடுக்காவிட்டால் ஓர் அங்குலமும் எழும்பாது. தூக்கியவரின் படம் சுவரொட்டி ஆயிற்று. தூக்க இடம் கொடுத்தவர் வலியோடு வீடு போனார். அந்த இரவின் பெரிய கலைஞர் யார் என்று என்னைக் கேட்டால், நான் ஆந்த்ரேயைத்தான் சொல்வேன்.

கூட்டத்தைத்தான் அளவுகோலாகக் கொள்வீர்கள் என்றால், ஹோகனுக்கு முன்னால் புரூனோ சம்மார்ட்டினோ நிற்கிறார். 1963இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டம் வென்று, ஏழரை ஆண்டுகளுக்கு மேல் அதைக் கைவிடாமல் இருந்த இத்தாலியக் குடியேறி அவர். 1971 ஜனவரியில் அதே அரங்கில் இவான் கோலாஃபிடம் தோற்றபோது ஏளனக் குரல்கூட எழவில்லை. அரங்கம் அப்படியே மௌனமாகிவிட்டது. விழுந்ததில் தம் காதுதான் செவிடாகிவிட்டதோ என்று எண்ணியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: தாரா சிங்கை விட்டுவிட்டீர்களே! என் தந்தையார் அவருக்கும் கிங்காங்குக்கும் நடந்த மோதல்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார். (பினாங்கு வாசகர்)

விட்டது என் பிழை. “பெரிய தாராசிங் என்று நினைப்போ?” என்று இன்றும் தெருச் சண்டையில் கேட்கிறோம், ஒருவரின் பெயர் இப்படி வசைக்குள் நுழைந்துவிட்ட பிறகு வேறு பட்டம் எதற்கு? பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்குப் போய், இந்தத் தொழிலின் பாடத்தை உங்கள் பக்கத்து மண்ணில் கற்றவர் அவர். ஐரோப்பாவில் பிறந்து, ஏறத்தாழ 200 கிலோ உடலோடு ஆசியாவைச் சுற்றிவந்த கிங்காங்குடன் அவர் மோதியது, இரண்டு பேருக்குமே வாழ்வு கொடுத்தது.

1968இல் மும்பையில் அவர் லூ தெஸ்ஸை வென்றதை ரசிகர்கள் உச்சமாகச் சொல்கிறார்கள். தெஸ்ஸுக்கு அப்போது 52 வயது, தாரா சிங்குக்கு 39 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோற்றதே இல்லை என்ற பெருமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காரணம் முதல் பதிலில் இருக்கிறது. பின்னாளில் தொலைக்காட்சியில் அனுமனாக அவர் வந்து நின்றபோது நாடே கைகூப்பியது அல்லவா, அந்த நம்பிக்கையை அவர் கோதாவிலேயே சம்பாதித்திருந்தார் என்பதுதான் என் கட்சி.

காமா பயில்வானைக் குறிப்பிட்டுத் தனியாக மூன்று கடிதங்கள் வந்துள்ளன. அவருடைய மோதல்கள் பேசி வைத்த நாடகமல்ல, அசல் மல்யுத்தம்; அவரை இந்தத் தராசில் ஏற்றவே கூடாது. 1910இல் லண்டனில் இதே ஸ்பிஸ்கோ, காமாவிடம் அகப்படாமல் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் குப்புறப் படுத்தே சமாளித்தார். மறு ஆட்டத்துக்கு வரவேயில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது.

கேள்வி: சிறுவயதில் நாங்கள் விளையாடிய டிரம்ப் கார்டுகளில் தரவரிசை அச்சிட்டே இருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாமே? எங்களுக்கு அண்டர்டேக்கர்தான். (விருதுநகர் வாசகர்)

உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்ட அந்த விளையாட்டில் நானும் நல்ல சீட்டுகளை இழந்தவன்தான். அளவுகள் பலவும் விளம்பரத்துக்காக நீட்டப்பட்டவை என்று பிற்பாடு தெரிந்தபோது, இழந்த சீட்டுகளைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அண்டர்டேக்கரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செத்தவன் எழுந்து வந்து சண்டை போடுகிறான் என்னும் வேடம், வேறு எவர் கட்டினாலும் ஒரே மாதத்தில் கேலிக்கூத்தாகியிருக்கும். அதை 1990 முதல் 30 ஆண்டுகள் சிரிப்பு வராமல் காப்பாற்றினார். டபிள்யூ.டபிள்யூ.இ. என்னும் அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பெருவிழாவான ரெஸ்ல்மேனியாவின் மேடைகளில் தொடர்ந்து 21 முறை வென்றவர், 2014இல் பிராக் லெஸ்னரிடம் தோற்றபோது, பார்வையாளர்கள் வாய் பிளந்து நின்ற காட்சியைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். முடிவு முன்பே பேசப்பட்டது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

கேள்வி: அமெரிக்காவுக்கு வெளியே யாரும் இல்லையா? (கோவை வாசகர்)

இருக்கிறார்கள், இரண்டு பேருக்கு மட்டும் இங்கே இடம் இருக்கிறது. கொரியாவில் பிறந்து, அதை மறைத்துக்கொண்டு ஜப்பானில் வாழ்ந்த முன்னாள் சுமோ வீரர் ரிக்கிடோசான், 1954 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களைக் கைவெட்டு அடிகளால் சாய்த்தபோது, போரில் தோற்றுத் தலைகுனிந்திருந்த மக்கள் தெருவில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் திரண்டு நின்று ஆரவாரித்தார்கள். ஜப்பானிய மானத்தை மீட்டவராக அவர்கள் கொண்டாடியவர் ஒரு கொரியர் என்பது அவர்களுக்குத் தெரியாது. மற்றவர், மெக்சிகோவின் எல் சாந்தோ. தம் வெள்ளி முகமூடியைப் பொதுவிடத்தில் கழற்றாமலே பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1984இன் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் ஒரே ஒரு முறை அதைச் சற்று உயர்த்திக் காட்டினார். சில நாட்களிலேயே இறந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: பெண்கள்? (சேலம் வாசகி)

தங்கள் கேள்வியின் சுருக்கத்திலேயே கோபம் தெரிகிறது, நியாயமான கோபம். ஜப்பானின் மனாமி டொயோட்டா 1990களில் ஆடிய ஆட்டங்களை ஆண்களின் ஆட்டங்களோடு கலந்து வைத்தாலும் முதல் வரிசைக்கு வரும். ரெஸ்ல்மேனியாவின் இறுதி ஆட்டத்தைப் பெண்களுக்குக் கொடுக்க அந்த அமெரிக்க நிறுவனத்துக்கு 2019 வரை ஆயிற்று.

கேள்வி: கிறிஸ் பென்வாவின் திறமையை மட்டும் தனியே எடுத்துப் பட்டியலில் சேர்க்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

நான் சேர்க்கமாட்டேன். 2007இல் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டவர் அவர். தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் அவருடைய மூளை கடுமையாகச் சிதைந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அந்த அடிகள், நாம் எழுந்து நின்று கைதட்டிய ஆட்டங்களில் பட்டவை.

கேள்வி: எனக்கு மல்யுத்தமே தெரியாது. ஒரே ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு இந்த விவாதத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். எதைப் பார்க்கட்டும்? (சிதம்பரம் வாசகர்)

1997 மார்ச் 23 அன்று, சிகாகோவை அடுத்துள்ள ரோஸ்மான்ட்டில், பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் ஆடிய ஆட்டம். உள்ளே வரும்போது ஹார்ட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். இறுதியில் ஹார்ட் தம் கிடுக்கிப்பிடியில் ஆஸ்டினின் இரு கால்களையும் முறுக்கிப் பின்னால் சாய்ந்திருக்கிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் பல்லிடுக்குகளை நிறைக்கிறது. தோற்றேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், விடுதலை கிடைக்கும். அவர் சொல்லவில்லை; கைகளை ஊன்றி ஒருமுறை எழும்பிப் பார்த்து, முடியாமல், அப்படியே மயங்கிப் போகிறார். ஆட்டம் முடிந்த பின்பும் ஹார்ட் மயங்கிக் கிடப்பவரின் காலைத் தாக்குகிறார். அரங்கம் அவரை ஏளனம் செய்து அனுப்புகிறது. தோற்றுப்போன ஆஸ்டினோ, உதவிக்கு வந்த நடுவரையும் அடித்து வீழ்த்திவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தானே நடந்து வெளியேறுகிறார். அரை மணி நேரத்துக்கு முன் அவரை வெறுத்த கூட்டம், அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறது.