நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். பூமித் தட்டுகள் வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கின்றன என்று அளந்துவிட்டார்களே, அடுத்த நிலநடுக்கம் எப்போது என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாதா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: இயற்பியல் ஆசிரியையாக இருந்தபோது, இதற்காகவே வகுப்பு மேசையில் ஒரு செங்கல்லை வைத்துச் சுருள்வில் தராசால் மெதுவாக இழுத்துக் காட்டுவேன். முள் ஏறிக்கொண்டே போகும், கல் அசையாது. திடீரென்று ஒரு துள்ளல். இழுப்புதான் தட்டுகளின் நகர்வு, துள்ளல்தான் நிலநடுக்கம். மறுபடி இழுத்தால் ஏறக்குறைய அதே அளவில் மறுபடி துள்ளும். அடுத்தது எப்போது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பிறகு நான்கு கற்களை ரப்பர் வளையங்களால் கோத்து இழுப்பேன். ஒன்று நகர்ந்ததும் பக்கத்துக் கல்லின் மேல் இழுவிசை மாறிவிடும். ஒருமுறை ஒரு கல் மட்டும் நகரும், இன்னொரு முறை மொத்த வரிசையும் பாயும். பிள்ளைகளின் கணிப்பு அதோடு சரி. பரிட்ஜ், க்னோபாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் கட்டைகளையும் சுருள்வில்களையும் கோத்து ஆராய்ந்தது இதைத்தான்.

கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டு ஒற்றைக் கல் போலத் தோன்றிய ஊர். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று, சராசரியாக 22 வருஷத்துக்கு ஒருமுறை, 6 ரிக்டரை ஒட்டிய நடுக்கம். 1934-உம் 1966-உம் இன்னும் வியப்பு: இரண்டிலும் பெரிய அதிர்வுக்குச் சரியாக 17 நிமிடம் முன்பு ஒரு முன்னதிர்வு! அடுத்தது 1988-ஐ ஒட்டி, தள்ளிப்போனாலும் 1993-க்குள் வரும் என்று கணித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல். முன்னதிர்வு இல்லை, பிளவும் முந்தையவற்றுக்கு எதிர்முனையிலிருந்து கிளம்பியது. 1934-இல் 12 வருஷத்திலேயே வந்ததை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். எச்சரிக்கை அதில்தான் இருந்தது.

நம்பத்தக்க கணக்கு ஒன்று உண்டு. ஜப்பானில் 1891-இல் வந்த நோபி நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை எண்ணிய நிலநடுக்க ஆய்வாளர் ஒமோரி, 1894-இல் சொன்னது: பத்தாம் நாளில் அவற்றின் எண்ணிக்கை முதல் நாளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் எண்ணிக்கை குறைவது வேறு, ஆபத்து தீர்வது வேறு. 2016 ஏப்ரல் 14-இல் ஜப்பானின் குமமோட்டோவில் 6.5 அளவில் நடுங்கியது. அடங்கிவிட்டது என்று வீடு திரும்பியவர்கள் உண்டு. 16-ஆம் தேதி அதிகாலையில் 7.3 வந்தது. அதன்பின் ஜப்பானிய வானிலை நிறுவனம், பெரிய நடுக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் அதே அளவு அதிர்வு வரக்கூடும் என்றே அறிவிக்கிறது. மகளிடம் இந்த ஒரு வாரத்தைக் கட்டாயம் சொல்லிவையுங்கள், அம்மா.