போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நன்றாகத்தானே படித்தார்கள்?

அரசியல் வன்முறை பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்பது உண்மையானால், போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தனை மருத்துவர்களும் பொறியியலாளர்களும் எப்படி உருவானார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மண்ணை விட்டுச் சிறு வயதிலேயே புறப்பட்ட குடும்பம் உங்களுடையது என்று ஊகிக்கிறேன். பெருமைப்படுவதில் தவறில்லை, யாழ் குடாநாட்டின் வடகிழக்கிலுள்ள வடமராட்சியிலும் பின்னர் குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னியிலும் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் நீங்கள் பார்ப்பது பரீட்சை மண்டபம் வரை வந்து சேர்ந்தவர்களை மட்டுமே.

1990இல் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தபின், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிது எண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. அந்த விளக்குக்கும் எண்ணெய் வாங்க முடியாத வீடுகள் எத்தனை இருந்தன என்பதை எவரும் சொல்வதில்லை. சிறந்த பெறுபேறு பெற்றவர்களில் பலருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப ஓர் அண்ணனோ மாமாவோ இருந்தார். கடற்றொழிலாளியின் மகனும் கூலி வேலை செய்தவரின் மகளும் தரம் எட்டிலோ ஒன்பதிலோ நின்றுவிட்டார்கள். பரீட்சைக்கே தோற்றாத பிள்ளையின் தோல்வி எந்தப் பெறுபேற்றிலும் பதிவாவதில்லை.

பாடசாலைக்குத் தொடர்ந்து வந்த பிள்ளையிடமும் பாதிப்பு இருந்தது. 1995 செப்டெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கிலுள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் விமானக் குண்டு விழுந்து மாணவர்கள் இறந்தபின், பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவே அஞ்சினார்கள். அடுத்த மாத இறுதியில், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்தபோது வடமராட்சியில் எங்கள் வகுப்பறைகள் அகதிகளின் வீடுகளாகின. பின்னர் காலையில் எங்கள் பாடசாலையும், மாலையில் இடம்பெயர்ந்து வந்த பாடசாலையும் ஒரே கட்டடத்தில் நடந்தன. அந்த நாள்களில் என்னிடம் படித்த ஒரு மாணவன் சமன்பாட்டின் முதல் வரியைப் பிழையின்றி எழுதுவான். வானில் ஓர் இரைச்சல் கேட்டால் பேனை நின்றுவிடும். வருவது குண்டுவீசும் பொம்பரா, பலாலிப் படைத்தளத்துக்குப் போகும் விமானமா என்று காது கொடுத்துத் தீர்மானித்த பின்னரே இரண்டாம் வரியைத் தொடங்குவான். அந்த இரண்டாம் வரியில் சய (−) குறி சக (+) குறியாகியிருக்கும். அவனுக்குக் கணிதம் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன்? யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போருக்குள் வளர்ந்த வளரிளம் பருவத்தினரின் கவனமும் நினைவாற்றலும் குன்றியதைப் பற்றி எழுதியிருக்கிறார்; எங்கள் வகுப்பறைகளில் அதை நாங்கள் நாள்தோறும் கண்டோம்.

மற்றப் பாடங்களைவிடக் கணிதமே அதிகம் அடிபட்டது. வரலாற்றில் ஓர் அலகு தவறினால் அடுத்ததை வாசித்து விளங்கிக்கொள்ளலாம். பின்னம் கற்பிக்க வேண்டிய மாதங்களில் பாடசாலை பூட்டியிருந்தால், அட்சரகணிதப் பின்னம் வரும்போது அந்தப் பிள்ளை தடுமாறும். அப்போது போர் ஓய்ந்திருந்தாலும் தடுமாறும்.

வன்னியின் கதை இதைவிடக் கொடியது. 2006க்குப் பின், விடுதலைப் புலிகள் இயக்கம் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்தபோது, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டுக்குள் ஒளித்தார்கள்; அவசரமாகத் திருமணம் செய்து வைத்தார்கள். இதை எழுதுவதால் நான் அரசின் குண்டுவீச்சை மறைக்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். மேலே நாகர்கோவிலைப் பற்றி எழுதியவனும் நான்தான். பிள்ளை எதற்கு அஞ்சி வீட்டில் இருந்தாலும் வரவு இடாப்பில் அது வரவின்மையாகவே பதிவானது. 2009இல் போர் முடிந்தபின், இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், உறவுகளைப் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆன பிள்ளைகள், தறப்பாள் கூடாரங்களிலிருந்து எழுந்துபோய் பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களின் பெறுபேற்றை மற்ற மாவட்டங்களுடன் ஒப்பிட்டுப் பேசியவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போர் முடிந்தபின், தரம் பதினொன்றில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும்போது, வடக்கு மாகாணம் பல தடவை கடைசி இடத்தில் நின்றது. உடனே ஆசிரியர்கள் சோம்பேறிகள், பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள் என்றெல்லாம் பேசுகிறார்கள். அவற்றில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் இன்று முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பரீட்சை எழுதும் பிள்ளைகள் பலரின் தாய் தகப்பன்மார் அன்று இடைவிலகியவர்கள். மாலையில் பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து பார்க்க அவர்களுக்குக் கூச்சம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத அந்தப் பிள்ளைகளுக்கே பாடசாலையில் நிரந்தரக் கணித ஆசிரியர் தேவை. அங்கு நியமனம் பெறுபவரோ பெரும்பாலும் நகரத்துக்கு இடமாற்றம் கேட்டுப் போய்விடுகிறார். படிப்பில் வன்முறையின் பாதிப்பைத் தேடுகிறீர்களானால், மருத்துவபீடத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலை விட்டுவிட்டு, தரம் ஆறில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தரம் பதினொன்று வரை வந்தார்கள் என்று ஒவ்வொரு பாடசாலையிலும் கேட்டுப் பாருங்கள்.